முதலில் சக்கரம்

திருவனந்தபுரத்துப் பழைய வீடுகளில் விமானம் தெரிகிற புகைப்படம் ஒன்றை எடுத்துக் காட்டினால், கூடவே சொல்லப்படும் பெயர் பெரும்பாலும் டகோடாதான். இறக்கை ஓரடுக்கா ஈரடுக்கா, இயந்திரம் மூக்கில் இருக்கிறதா இறக்கையில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கருப்பு வெள்ளைப் படம், முன்னால் விசிறி. போதும், டகோடா. கரமனை, கோட்டை, வள்ளக்கடவு என்று இந்த ஊரின் பல வீடுகளில் இப்படி டகோடாக்களைப் பார்த்துவிட்டேன். அவற்றில் நிறைய வேறு ஏதோ விமானங்கள். அவற்றுக்குச் சரியான பெயரைத் தேடிக் கொடுப்பதுதான் நாங்கள் நாலைந்து பேர் பல வருஷங்களாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் செய்துவருகிற வேலை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கரமனையில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்த ஒரு மாமா. விமானத்துறையில் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுத் திண்ணையில்தான் கூடுவோம். பௌதிகம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு மாஷ் சைக்கிளில் வருவார். விமானப்படையில் இருந்த அண்ணாச்சி ஒருவர் நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்து சேருவார். நான்தான் அங்கே இளையவன். படத்தைக் கையில் வாங்கியதும் என் கண் விமானத்தின் மூக்குக்குத்தான் போகும். மாமா விடமாட்டார்.

"முதல்ல சக்கரத்தப் பாருடா. மூஞ்சி எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. முப்பதுகளில் இந்தியாவுக்கு வந்த சிறிய பிரிட்டிஷ் விமானங்கள் பலவற்றில் இருந்தது ஜிப்ஸி வகை இயந்திரம். இயந்திரம் ஒன்றானால் மூக்கும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். சக்கரத்தைத் தாங்கும் கால்கள் அப்படி இல்லை. ஒவ்வொரு விமானத்தின் எடைக்கும் உடல் கட்டுக்கும் ஏற்ப அவற்றைப் பொருத்தும் இடம் மாறும். வேட்டிக்காரர்களும் குழந்தைகளும் சூழ்ந்து நின்று விமானத்தின் பாதியை மறைத்துவிட்ட படத்தில்கூட, யாரோ இருவர் கால்களுக்கு நடுவே சக்கரம் ஒன்று தெரிந்துவிடும். அந்தப் பிடி கிடைத்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்.

அப்படி வந்து சேர்ந்த ஒரு படத்தைச் சொல்கிறேன். கோட்டைப் பகுதியில் ஒரு வீட்டிலிருந்து வந்தது. உள்ளங்கை அகலம்தான். ஓரங்களில் கரையான் தொட்ட தடம். பின்புறம் நீல மையில், "1935. முதல் விமானம் வந்த நாள்" என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. மணல் திடல், ஒற்றை இறக்கை விமானம், அதன் முன்னால் ஒரு குடும்பம்.

1935 என்றதும் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு சித்திரம் மனத்தில் எழும். 1932-இல் பறத்தல் சங்கத்தின் பகுதியாகச் சங்குமுகம் கடற்கரையை ஒட்டி விமானத் திடல் உருவானது. பின்னாளில் அரச குடும்பத்து மாப்பிள்ளையான கோதவர்ம ராஜா, ஊரார் ஜி.வி. ராஜா என்று அழைத்தவர், அதற்கு முன்னின்றார். 1935 அக்டோபர் கடைசியில் டாட்டாவின் தபால் விமானம் பம்பாயிலிருந்து கோவா, கண்ணனூர் வழியாக இங்கே வந்தது. ஓட்டிவந்தவர் நெவில் வின்சென்ட். வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு, சித்திரைத் திருநாள் மகாராஜாவுக்கு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து அதில் இருந்தது. நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர் அஞ்சலை ஏற்றிக்கொண்டு அது பம்பாய்க்குத் திரும்பியது. அந்த விமானம் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத்.

ஃபாக்ஸ் மாத்தை ஒரு தடவை பார்த்தவர் மறக்கமாட்டார். ஈரடுக்கு இறக்கை. பயணிகள் இறக்கைகளுக்கு நடுவே மூடிய சிற்றறைக்குள் உட்காருவார்கள். ஓட்டுபவர் அவர்களுக்குப் பின்னால், திறந்த குழியில், வெயிலும் மழையும் முகத்தில் அடிக்க உட்கார்ந்திருப்பார். ஆள் முன்னே, சாரதி பின்னே. கோட்டை வீட்டுப் படத்தில் இருந்ததோ ஓரடுக்கு விமானம், அதுவும் உடலுக்கு மேலே இறக்கை. ஆகவே அது வின்சென்ட் கொண்டுவந்த விமானம் இல்லை என்பது முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. பின் எது?

இரண்டு பெயர்கள்தான் மிஞ்சின. இரண்டும் அதே டி ஹாவிலண்டின் பிள்ளைகள்: புஸ் மாத், லெபர்டு மாத். புஸ் மாத் 1929 செப்டம்பரில் முதலில் பறந்தது. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்ததும், அங்கிருந்து வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனதும் புஸ் மாத் விமானங்களில்தான். லெபர்டு மாத் அதற்குப் பின்னால், 1933 மே மாதம் வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. 1982-இல், 78 வயதில், பொன்விழாவுக்காக ஜே.ஆர்.டி. மறுபடி அந்தத் தபால் பயணத்தைச் செய்தபோது ஓட்டியது லெபர்டு மாத். அந்தப் பொன்விழாப் பயணத்தின் படத்தையே 1932-இல் எடுத்தது என்று நம்பிச் சட்டமிட்டு மாட்டியிருந்தவர் ஒருவர் எங்களுக்குத் தெரிந்தவர்.

மாமா உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துச் சேலை முந்தானை ஒன்றின் ஓரத்தில் நிறுத்தினார். அங்கே சக்கரத்தின் கால் தெரிந்தது. புஸ் மாத்தில் அந்தத் தூண் இறக்கை உடலோடு சேரும் இடத்தை நோக்கி நேராக மேலே ஏறும். அதன்மேல் போர்த்திய தகட்டைத் திருப்பிக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தினால் இறங்கும்போது வேகம் குறையும். தடை போடுவதற்கு அன்றைக்கு இருந்த நல்ல உபாயம் அது. லெபர்டு மாத்தில் தூண் முன்புறமாக இயந்திரத்தை ஒட்டிப் போகும். படத்தில் அது முன்னால்தான் சாய்ந்திருந்தது. மாஷ் இறக்கையைப் பார்த்தார். புஸ் மாத்தின் இறக்கை அடியிலிருந்து நுனி வரை ஒரே அகலம். லெபர்டு மாத்தில் நுனியை நோக்கி ஒடுங்கும். பாதி இறக்கைதான் படத்துக்குள் இருந்தது. ஒடுக்கம் அதற்குள்ளேயே தெரிந்தது.

"அது லெபர்டு தன்னே" என்றார் மாஷ்.

விமானத்தின் பெயர் கிடைத்தது. 1935 பொய்யாகவில்லை, 1933-லேயே பிறந்த விமானம் 1935-இல் இங்கே வந்திருக்கலாம். வருஷத்தைப் பிடித்துக் கொடுத்தது விமானம் இல்லை, அதன் முன்னால் ஒரு பாட்டியின் இடுப்பில் இருந்த குழந்தை. படத்தைக் கொண்டுவந்த வீட்டுப் பெரியவர் அதைத் தன் அண்ணன் என்றுதான் சொல்லிவந்தார், ஏனென்றால் 1935-இல் அவர் பிறந்திருக்கவில்லை. படத்தில் இருப்பது முதல் விமானமே இல்லை என்றானதும் அவருடைய மூத்த அக்காளிடம் போய்க் கேட்டார்கள். கண் மங்கிப்போன அந்த அம்மாள் படத்தை முகத்தருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது நீதாண்டா. அண்ணனுக்குத்தான் தலைமுடி சுருட்டையாச்சே" என்றாராம். அவர் பிறந்தது 1936. இடுப்பில் உட்காரும் குழந்தைக்கு ஒன்றரை, இரண்டு வயது இருக்கலாம். அப்படியானால் படம் 1937, 1938 வாக்கில் எடுத்தது. எழுபது வயது தாண்டிய பிறகு, தான் கைக்குழந்தையாக இருந்தபோது விமானத்தின் முன்னால் நின்றிருக்கிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரியவந்தது. அன்று மாமா வீட்டுக்கு ஒரு பெரிய பொட்டலம் போளி வந்தது.

எனக்கு இந்த வேலையில் மனம் தோய்ந்தது அதற்குப் பிறகுதான். படத்துக்குப் பின்னால் எழுதப்பட்டவை பெரும்பாலும் பிற்காலத்தில், ஞாபகத்தில் இருந்து எழுதப்பட்டவை. ஞாபகம் எப்போதும் பிரபலமான நாளைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். விமானம் என்றால் 'முதல்' விமானம், மகாராஜா என்றால் 'பட்டாபிஷேக' நாள். அச்சில் வந்தவற்றுக்கும் இது பொருந்தும். திருவிதாங்கூர் சமஸ்தானம் 1938-இல் மகாராஜாவுக்காக ஒரு டகோடா வாங்கியது என்று பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. டி.சி.3 என்ற பயணிகள் விமானம் 1935 டிசம்பரிலேயே பறந்துவிட்டது, உண்மைதான். ஆனால் டகோடா என்று உலகம் அறிந்த அதன் ராணுவ வடிவம் முதலில் பறந்தது 1941 டிசம்பரில். போர் முடிந்ததும் அவை மலிவாகக் கிடைத்தன. இந்தியாவின் புதிய விமானக் கம்பெனிகள் பலவும் அவற்றை வைத்துத்தான் தொழில் தொடங்கின. 1938 என்ற வருஷமோ டகோடா என்ற பெயரோ, இரண்டில் ஒன்று பிசகு. யாரும் திருத்தாமல் அதையே நகலெடுத்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

உண்மையான டகோடா இருக்கும் படங்களும் உண்டு, அவற்றை விட்டுவிடக் கூடாது. நான் பார்த்தவற்றில் மிகவும் பிடித்தது ஓர் ஆறாட்டுப் படம். பத்மநாப சுவாமி கோயிலில் ஐப்பசியிலும் பங்குனியிலும் திருவிழா முடிவில் சுவாமி கடலில் நீராடச் சங்குமுகத்துக்கு எழுந்தருளுவார். விமான நிலையம் வருவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே அந்தப் பாதை இருந்தது. அதனால் இன்றைக்கும் அந்த இரண்டு நாளும் ஓடுதளத்தை மூடி, விமானங்களை நிறுத்தி, ஊர்வலத்துக்கு வழிவிடுகிறார்கள். அந்தப் படத்தில் தீவட்டி பிடித்தவர்களுக்குப் பின்னால், மங்கலாக, வால் தாழ்ந்து மூக்குயர்த்தி நிற்கிறது ஒரு விமானம். உருண்டையான இரண்டு இயந்திரங்கள், உடலின் இடப்பக்கம் பின்னால் அகலமான சரக்குக் கதவு. போர்க்காலத்து டகோடாவைப் பயணிகளுக்காக மாற்றியது. சந்தேகமே இல்லை. அந்தப் படத்தைக் கொண்டுவந்தவர் மட்டும் அதை ஜெட் என்று நினைத்திருந்தார்.

விமானத்தின் உடலில் எழுதிய எழுத்துகள் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்திய விமானங்களுக்கு வி.டி. என்று தொடங்கும். அதன் பிறகு வரும் மூன்று எழுத்துகள் பதிவான வரிசைப்படி நகர்ந்துகொண்டே போகும். 1932-இல் தபால் கொண்டுவந்த புஸ் மாத் ஏ.டி.என். 1948-இல் பம்பாயிலிருந்து லண்டன் போன 'மலபார் பிரின்சஸ்' சி.க்யூ.பி. இடையில் எந்த எழுத்து எங்கே விழுகிறது என்று மாஷ் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் 1948 முதல் இயங்கும் ஏர்-பிரிட்டன் என்ற ஆர்வலர் சங்கத்தார் உலகத்துப் பதிவேடுகளையெல்லாம் தொகுத்துப் புத்தகங்களாகப் போடுகிறார்கள். அவற்றிலிருந்தும் மாஷ் பென்சிலால் பிரதி எடுத்துக்கொண்டார். இலங்கை விமானங்களுக்கு முதலில் வி.பி.–சி, பிறகு சி.ஒய்., 1954 முதல் 4 ஆர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்றின் படத்தை அந்த ஓர் எழுத்து மாற்றத்தை வைத்தே சில வருஷ இடைவெளிக்குள் அடைத்துவிட்டோம்.

ராணுவப் படங்கள் அண்ணாச்சியின் பொறுப்பு. போர்க்காலத்தில் இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்ட முத்திரையிலிருந்து நடுவிலிருந்த சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பானியரின் சிவப்பு வட்டமென்று நினைத்துச் சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. நடுப்புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து அண்ணாச்சி வருஷம் சொல்லிவிடுவார். இதில் பிலிமும் ஏமாற்றும். அந்தக் காலத்து பிலிம்களில் ஒருவகைக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கருப்பாகவும் நீலம் வெளுப்பாகவும் விழும். வண்ணம் தெரியாத படத்தில் வண்ணத்தைப் படிக்கவேண்டுமானால் எந்த பிலிம் என்று முதலில் தெரிய வேண்டும். பக்கத்தில் நிற்கும் பெண்ணின் குங்குமம் கரிப்பொட்டாகத் தெரிந்தால் அண்ணாச்சி தலையசைப்பார்.

அவர் கொண்டுவந்த படங்களில் ஒன்றை மறக்க முடியாது. கடற்படையில் இருந்து காலமான ஒருவருடைய வீட்டுப் படம். கொச்சிக் காயலில் மிதக்கும் விமானம், கரையில் வெள்ளை உடுப்பில் மாலுமிகள். வீட்டார் அதைக் கேட்டலினா என்று எழுதி வைத்திருந்தார்கள். நீரில் இறங்கும் விமானம் என்றால் கேட்டலினா என்று சொல்வது இயல்புதான். போர்க்காலத்தில் சென்னையின் செங்குன்றம் ஏரியிலும் இலங்கையின் கொக்கலையிலும் அவை நிறைய இருந்தன. கொக்கலையிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினாதான் 1942 ஏப்ரல் 4-ஆம் தேதி ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு இலங்கைக்குச் செய்தி அனுப்பியது. ஆனால் கேட்டலினாவின் இறக்கை உடலின்மேல் உட்காராது. நடுவே ஒரு தூண் எழும்பி, அதன் மேல் குடைபோல நிற்கும். இயந்திரங்களும் உருண்டையானவை. இந்தப் படத்தில் இறக்கை உடலின் தோளோடு ஒட்டியிருந்தது, இயந்திரங்கள் மெலிந்து நீண்டிருந்தன.

அது ஷார்ட் சீலேண்ட். எனக்கு அதுவரை அந்தப் பெயரே தெரியாது. உலகத்தில் மொத்தம் 25 மட்டுமே கட்டினார்கள். அவற்றில் பத்தை வாங்கியது இந்தியக் கடற்படை. 1953 பிப்ரவரியில் அவை கொச்சிக்கு வரத் தொடங்கின, அந்த மே மாதம் 11-ஆம் தேதி ஐ.என்.எஸ். கருடா தொடங்கப்பட்டது. நம் கடற்படையின் விமானப் பிரிவு அந்தச் சின்னஞ்சிறு நீர்விமானங்களோடுதான் பிறந்தது. அவற்றில் ஒன்று இப்போது கோவாவில் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அண்ணாச்சி அந்த வீட்டுப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். அப்பா எங்கோ மூலையில் வேலை பார்த்தார் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். கோவாவுக்குப் போய் அந்த விமானத்தின் பக்கத்தில் நின்று தன் மகனோடு படம் எடுத்து அனுப்பினார். அதன் பின்னால் தேதியும் விமானத்தின் பெயரும் தெளிவாக எழுதியிருந்தன.

எங்கள் ஊர் என்றதும் வெளியூர்க்காரர்கள் நினைப்பது தும்பாவைத்தான். 1963 நவம்பர் 21-ஆம் தேதி முதல் ராக்கெட், சைக்கிளில் கொண்டுபோன கூம்பு. அந்தப் படத்தைத் தெரியாதவர் இல்லை, அது நியாயமும்தான். அதே நகரத்தில், சில மைல் தள்ளி, பறக்கும் கழகத்தின் புஷ்பக் விமானங்களின் படங்கள் டிரங்குப் பெட்டிகளுக்கு அடியில் கிடக்கின்றன. பெங்களூரில் இந்துஸ்தான் நிறுவனம் கட்டிய, துணி போர்த்திய இரண்டு இருக்கை விமானம். 1958 செப்டம்பரில் முதலில் பறந்தது. என் சிறுவயதில் சங்குமுகத்துக்கு மேல் ரீங்கரித்துக்கொண்டு போனது அதுதான். படம் கொண்டுவருபவர்கள் இதையும் வெள்ளைக்காரன் காலத்து விமானம் என்பார்கள். பக்கத்தில் கே.எல்.டி. என்று எண்பலகை போட்ட கார் நிற்கும். கேரளம் உருவான 1956-க்குப் பிறகு வந்த பலகை அது. நம் ஆட்கள் கையால் தைத்துப் பூசிக் கட்டிய விமானத்தை யாரோ கட்டியது என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். மாமாவுக்கு அதைவிட அதிகம் வரும்.

மாமா இப்போது இல்லை. திண்ணையும் இடிபட்டு அடுக்ககம் வந்துவிட்டது. மாஷ் வீட்டு மாடியில் கூடுகிறோம், நாகர்கோவிலிலிருந்து அண்ணாச்சி பஸ்ஸில் வருவது நிற்கவில்லை. தற்போது எங்களைப் பிடித்து வைத்திருப்பது அவர் ஊரிலிருந்தே வந்த ஒரு படம். திடலில் நிற்கும் ஓரடுக்கு விமானம், இறக்கை உடலுக்குக் கீழே. இரண்டு சக்கரங்களையும் தகட்டுக் கால்சராய் மூடியிருக்கிறது. ஆகவே மாமாவின் முதல் விதி இங்கே செல்லாது. முன்கண்ணாடி முன்புறமாகச் சரிந்திருப்பதைப் பார்த்தால் மைல்ஸ் கம்பெனியின் கட்டு என்பது உறுதி. மெர்லின் என்று நான் சொல்கிறேன். உலகத்தில் நான்கே கட்டப்பட்ட மெர்லின்களை டாட்டாவும் வாங்கியது. மாஷ் ஃபால்கன் என்கிறார். ஃபால்கனைச் சற்றே பெரிதாக்கிச் செய்ததுதான் மெர்லின், பக்கத்தில் நிறுத்தினாலொழிய வித்தியாசம் தெரியாது. நீளமான ஆறு சிலிண்டர் மூக்கை வைத்து வாதாடிப் பார்த்தேன். ஃபால்கனிலும் ஆறு சிலிண்டர் வகை உண்டு என்று மாஷ் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டிவிட்டார்.

வழி சொன்னவர் அண்ணாச்சி. படத்தில் விமானத்தின் உடலில் ஒரு கைத்தடி சாய்ந்திருக்கிறது, வெள்ளிப் பூண் போட்டது. படத்தில் இருப்பவரின் பேத்தி அதை இன்னும் பூஜை அறை மூலையில் வைத்திருக்கிறாராம். தடியின் நீளம் தெரிந்தால் அதைக்கொண்டு கதவின் உயரத்தையும் உடலின் பருமனையும் கணக்குப் போட்டுவிடலாம். மாஷ் கோணத்துக்கான திருத்தத்தைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு நாகர்கோவில் போகிறோம்.